உயிருள்ள பாலன் குடில்: பார்க்கப் போகுமுன் சில விளக்கங்கள்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் தோட்டத்துக் கோயில்களில் பாலன் குடில் வேலை தொடங்கிவிடும். நம்ம பொடியன்கள் மிலாறு பொறுக்கி வந்து, மானாப் புல்லால் கூரை வேய்ந்து, கடதாசியில் மலை செய்து, சொரூபங்களை வைப்பார்கள். சில ஊர்களில் சொரூபங்களுக்குப் பதிலாக மனிதர்களே நிற்பதுண்டு. ஒரு பெண் மரியாளாகவும் ஒருவர் சூசையப்பராகவும், சிறு பிள்ளைகள் இடையர்களாகவும் நிற்க, பக்கத்தில் உண்மையான ஆடு மாடு கட்டியிருக்கும். இதைத்தான் உயிருள்ள குடில் என்கிறோம்.

நாடகம் என்றால் மேடை வேண்டும், வசனம் வேண்டும். உயிருள்ள குடிலில் பேச்சு குறைவு, சில இடங்களில் பேச்சே இல்லை. பார்க்க வருகிறவர்கள் கிட்டே நடந்துபோய், நின்று பார்த்து, கும்பிட்டு வருவார்கள். ஊர் முழுதும் சேர்ந்து செய்கிற காரியம் இது.

முதற் குடில்

இந்த வழக்கத்தின் தொடக்கம் 1223ஆம் ஆண்டு நத்தார் இரவு. இத்தாலி நாட்டில் கிரேச்சோ என்பது ஒரு மலையூர். அசிசி நகர் புனித பிரான்சிஸ், நத்தாருக்கு ஏறக்குறைய 15 நாள் முன்பு, அவ்வூரில் யோவான் என்ற தம் நண்பரிடம் ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியவற்றை ஆயத்தம் செய்யச் சொன்னார். குழந்தை இயேசு எவ்வளவு வசதியில்லாமல் பிறந்தார் என்பதைத் தம் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அன்றிரவு ஊர்மக்கள் தீப்பந்தமும் மெழுகுதிரியும் ஏந்தி வந்தார்கள். தொட்டிக்கருகே பூசை நடந்தது. பிரான்சிஸ் சுவிசேஷத்தைப் பாடிப் பிரசங்கம் செய்தார்.

அவருடைய சரித்திரத்தை எழுதிய செலானோ தோமா, அன்று மரியாள் வேஷமோ சூசையப்பர் வேஷமோ யாரும் போட்டதாகச் சொல்லவில்லை. மனிதர் வேஷம் கட்டி நிற்பது பிறகு சேர்ந்துகொண்டது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லூக்கா சுவிசேஷத்தில் தீவனத் தொட்டி உண்டு, ஆனால் மாடும் கழுதையும் இல்லை. அவை ஏசாயா தீர்க்கதரிசியின் முதலாம் அதிகாரத்திலிருந்து குடிலுக்குள் வந்தவை.

தோட்டத்தில் நம்ம பிள்ளைக் காம்பராவுக்கு 'கிரெஷ்' என்றும் ஒரு பெயர் உண்டு அல்லவா? அது பிரெஞ்சுச் சொல். மாட்டுக்குத் தீனி போடும் தொட்டி என்பதுதான் அதன் முதற்பொருள். பிரெஞ்சுக்காரர் பாலன் குடிலையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய் பிள்ளையை விட்டுச் செல்லும் இடத்துக்கும், மரியாள் பிள்ளையைக் கிடத்திய இடத்துக்கும் ஒரே பெயர்.

நம்ம நாட்டில்

இங்கேயும் இது புதுச் சங்கதி அல்ல. குழந்தை இயேசுவைத் தேடிவந்த மூன்று அரசர்களின் கதையை மன்னார்ப் பகுதியில் கூத்தாக ஆடிவந்தார்கள். அந்த 'மூவிராசாக்கள் நாடக'த்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இல் பதிப்பித்தார். இன்று யாழ்ப்பாணத்துப் பங்குகளிலும் பாடசாலைகளிலும் ஒளிவிழா என்ற பெயரில் பிள்ளைகள் இயேசு பிறப்பை நடித்துக் காட்டுகிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்கள் பண்ணைப் பாலத்தைத் தாண்டி ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் அல்லைப்பிட்டி வரும். அங்கே புனித பிலிப்பு நேரியார் ஆலயம் இருக்கிறது. 2006 ஆகஸ்டில் சண்டை மூண்டபோது ஊர்மக்கள் உயிரைக் காக்க அந்த ஆலயத்துக்குள் ஓடினார்கள். 13ஆந் திகதி ஆலயத்தின் மேல் ஷெல் விழுந்து பலர் இறந்தனர். மிஞ்சியவர்கள் ஊர்காவற்றுறைக்குப் போக உதவியவர் பங்குத்தந்தை ஜிம் பிரவுன் அடிகளார். 20ஆந் திகதி அவரும் கூடப் போன ஒருவரும் அல்லைப்பிட்டிப் பக்கம் போனபோது காணாமற்போனார்கள். இன்றுவரை திரும்பி வரவில்லை.

நத்தார் பேச்சில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. குடிலில் நாம் பார்ப்பது, இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தை. பிள்ளை பிறந்த பிறகும் ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடிய குடும்பம் அது. அல்லைப்பிட்டி மக்களுக்கு இந்தக் கதையைத் தனியாக விளக்கத் தேவையில்லை. ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பிய நமக்கும் தேவையில்லை.

குடும்பத்தோடு போகும்போது

முதல் நாளே பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் கேள்வி வரும். "ஏம்மா, அந்த வீட்டுக்காரங்க ஏன் எடம் குடுக்கல?" என்று பிள்ளை கேட்டால், "சும்மா இரு" என்று அடக்காதீர்கள். குடிலின் பொருளே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வேஷம் கட்டி நிற்பவர்களைச் சிரிக்க வைப்பதும் தொட்டுப் பார்ப்பதும் கூடாது. படம் எடுப்பதானால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் மாடு மிரளும். பிள்ளைகளைக் கைப்பிடியில் வைத்திருங்கள்.

நம்ம தோட்டத்திலேயே செய்ய விரும்பினால் செலவு அதிகமில்லை. மாட்டுப்பட்டி இருக்கிறது, மானாப் புல் இருக்கிறது. கழுதை இல்லையென்று கவலைப்படாதீர்கள். ஆனால் காய்ந்த புல்லுக்குப் பக்கத்தில் மெழுகுதிரி வேண்டாம், டோர்ச் லைட் போதும். மலைக் குளிரில் கைக்குழந்தையைத் தொட்டியில் கிடத்த வேண்டாம், பொம்மை போதும். மாட்டை அதன் சொந்தக்காரரே பிடித்துக்கொள்ளட்டும். லயத்தில் எல்லா மதத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடையர் வேஷம் எத்தனை பேருக்கும் உண்டு.

கடைசியாக ஒரு வார்த்தை

கிரேச்சோவில் அன்றிரவு வைத்திருந்த வைக்கோலை எடுத்துப்போய், பிரசவ வேதனையில் கஷ்டப்பட்ட பெண்கள்மேல் வைத்ததால் சுகமாகப் பிள்ளை பெற்றார்கள் என்று செலானோ தோமா எழுதியிருக்கிறார். அது அந்தக் காலத்து மக்களின் விசுவாசம். இன்று நம் கையில் வேறு உதவிகள் இருக்கின்றன. உங்கள் லயத்தில் நிறைமாதக் கர்ப்பிணி யாராவது இருந்தால், நத்தார் இரவில் அவசரம் வந்தால் எந்த வாகனம், யார் சாரதி என்று இப்போதே பேசி வையுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது தோட்டத்துப் பாதையில் ஏறி வர முடியாவிட்டால், எந்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

குடிலைப் பார்த்துக் கும்பிட்டு வந்தவர்கள், பக்கத்துக் காம்பராவில் ஒரு தாய்க்கு இடமில்லை, வழியில்லை என்ற நிலை வராமல் பார்த்துக்கொண்டால், பார்த்ததற்கு அர்த்தம் உண்டு. உங்கள் எல்லோருக்கும் எங்கள் நத்தார் வாழ்த்துக்கள்.