சட்டி மண்ணை வடகமாக்குங்கள்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியோ கிள்ளான் தரைவீடோ, சன்னலோரம் ஒரு கறிவேப்பிலைச் சட்டி இருக்கும். தண்ணீர் ஊற்றியதும் கொசு போன்ற சின்னக் கறுப்புப் பூச்சிகள் எழும்பி மூக்கைச் சுற்றும். கடிக்காது, பூஞ்சை ஈ. மருந்து அடித்தால் அன்றைக்கு ஓயும், மறுவாரம் திரும்பும். காரணம் மண்ணுக்குள் இருக்கிறது.

முதலில் அதைப் பார்ப்போம். மீந்த சோற்றை ஈரத்தோடு விட்டால் இந்த ஊர் வெக்கைக்கு மறுநாளே கெட்டுவிடும். அதையே பிசைந்து கிள்ளிவைத்து வெயிலில் காயவிட்டால் வடகம், மாதக்கணக்கில் நிற்கும். தேங்காய் நார்த்தூளும் மட்கிய உரமும் கலந்த சட்டி மண், தினமும் நீர் ஊற்ற ஊற்ற, அந்த ஈரச் சோறாகிறது. மேல்மண்ணில் பூஞ்சை படரும். தாய் ஈ தேடி வரும். ஒரு வார வாழ்நாளில் நூற்றுக்கு மேலும் முட்டையிடும். பிறகு கருந்தலையும் கண்ணாடி உடம்புமாகப் புழுக்கள். பூஞ்சையைத் தின்னும், இளவேரையும் கொறிக்கும். வளர்ந்த கறிவேப்பிலை தாங்கிக்கொள்ளும், நாற்று சாய்ந்துவிடும். அடுத்தது கூட்டுப்புழு, அப்புறம் ஈ. முட்டை முதல் ஈ வரை சுமார் மூன்று நான்கு வாரம்.

சந்தேகமா? உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண்மேல் வையுங்கள். ஓரிரு நாளில் புரட்டினால் புழு தெரியும்.

ஆக, சோற்றை வடகமாக்க வேண்டும். விரலை விட்டுப் பாருங்கள். மேலே ஓர் அங்குலம் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். நவம்பர் மழையில் மண் தானாகக் காயாது. சட்டியைக் கூரைக்கடியில் இழுத்துவிடுங்கள். அடித்தட்டில் நீர் ஊற்றி வேர் உறிஞ்சட்டும் என்பார்கள். மேல்மண் காய அது நல்ல வழிதான். ஆனால் அரைமணி கழித்து மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபராதமும் உண்டு.

ஒட்டும் மஞ்சள் அட்டையை மண்ணருகே செருகினால் பறப்பவை மாட்டும். கூட்டம் குறைகிறதா என்று கணக்குப் பார்க்கவே அது அதிகம் உதவும்.

புழுவுக்கு பி.டி.ஐ. உண்டு. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்த பாக்டீரியா இது. டிங்கி தடுப்பில் ஏடிஸ் புழுவைக் கொல்லவும் உதவுவது. பொட்டலத்தில் சொன்ன அளவில் நீரில் கரைத்து ஊற்றுங்கள். புழு அதை விழுங்கியதும், அதன் காரக் குடலில் நச்சுப் படிகம் கரைந்து குடல் சுவரைத் துளைக்கும். நம் வயிற்றிலிருப்பது அமிலம்; அங்கே இந்த வேலை நடக்காது. ஆனால் முட்டையும் கூட்டுப்புழுவும் எதையும் தின்பதில்லை, அவை தப்பிக்கும். அதனால் வாரம் ஒருமுறை, குறைந்தது நான்கு வாரம் ஊற்ற வேண்டும். இரண்டாம் வாரமே ஈ குறைந்ததென்று நிறுத்துகிறவர்கள்தான் பி.டி.ஐ. பலிக்கவில்லை என்று குறைசொல்வார்கள்.