ஜோதி வெளியேறவில்லை

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில்தான் தென்காசி வட்டாரப் பள்ளிகளில் குறுவட்டப் போட்டிப் பேச்சும் தொடங்கும். தடை தாண்டும் ஓட்டத்துக்குத் தடைகள் இல்லாத பள்ளிகள் பல. செங்கல் அடுக்கி, மேலே மூங்கில் கழி வைத்துப் பழகுகிறார்கள் நம் பிள்ளைகள். அவர்களுக்காகவே விசாகப்பட்டினத்து ஜோதி யாராஜியைப் பற்றி எழுதுகிறோம்.

தந்தை காவலாளி. தாய் வீட்டு வேலையும் மருத்துவமனையில் துப்புரவுப் பணியும் செய்தவர். ஜோதியின் சாதி எது என்று விசாரித்துவிட்டு நாம் இதை எழுத உட்காரவில்லை. அந்தத் தாயின் வேலை என்னவென்று நம் தெருக்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பெண்களுக்கான 100 மீட்டர் தடை ஓட்டத்தில் 10 தடைகள். உயரம் சுமார் 84 சென்டிமீட்டர். ஒரு தடைக்கும் அடுத்ததற்கும் இடையே 8.5 மீட்டர். அதை மூன்றே எட்டில் கடக்க வேண்டும். கால் தட்டினால் தடை சாய்ந்துவிடும். தெரியாமல் தட்டியதற்காக யாரையும் நீக்குவதில்லை. மூங்கிலுக்குப் பயந்து உயரத் தாவும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

2002இல் அனுராதா பிஸ்வால் ஓடிய 13.38 வினாடிதான் நீண்ட காலம் தேசியச் சாதனை. ஜோதி 2020இல் பல்கலைக்கழகப் போட்டியில் 13.03 வினாடியில் ஓடினார். ஊக்கமருந்துப் பரிசோதனை நடக்கவில்லை என்று அது ஏற்கப்படவில்லை. 2022 ஏப்ரலில் கோழிக்கோட்டில் 13.09. பின்காற்று வினாடிக்கு 2.0 மீட்டர் வரை இருக்கலாம், அன்று 2.1. அதுவும் போயிற்று. அடுத்த மாதமே சைப்ரஸில் 13.23 ஓடிச் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றினார். அதே ஆண்டில் 13 வினாடிக்குள் ஓடிய முதல் இந்தியப் பெண்ணானார். 2023 ஜூலையில் ஆசிய சாம்பியன்.

நாம் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. 2023 அக்டோபர் 1, ஹாங்சோ ஆசிய விளையாட்டு, இறுதி ஓட்டம். துப்பாக்கி வெடிக்கும் முன்பே பக்கத்துப் பாதையில் இருந்த சீன வீராங்கனை வூ யானி கிளம்பிவிட்டார். நடுவர்கள் ஜோதியையும் வெளியேறச் சொன்னார்கள். அவர் போகவில்லை. சீனாவின் மைதானம், சீனாவின் கூட்டம். அங்கே நின்று, பதிவைப் பாருங்கள் என்று வாதாடினார். இருவரையும் ஓடவிட்டார்கள். 12.91 வினாடியில் ஜோதி மூன்றாவதாக வந்தார். பிறகு வூ யானி தகுதி நீக்கப்பட, வெண்கலம் வெள்ளியானது. அதே போட்டியில் கோவை ஆட்டோ ஓட்டுநரின் மகள் நித்யா ராம்ராஜும் இதே பிரிவில் ஓடினார். அவருடைய இரட்டைச் சகோதரி வித்யாவுக்கு 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலம்.

அந்தக் காட்சியைப் பார்த்தபோது நமக்கு வேறொரு மைதானம் நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நம் சேரிப்பிள்ளை ஒருத்தி மூன்றாவதாக ஓடி வந்தாள். பட்டியலில் வேறு பெயர் இருந்தது. கேட்டுவிடலாம் என்று நாம் எழுந்தோம். அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்: "வேண்டாம்ய்யா, அடுத்த வருசம் ஓடவே விடமாட்டாங்க." நாமும் உட்கார்ந்துவிட்டோம். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்பது தடகள விதி. அன்று நமக்கே அது தெரியாது. அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இந்த ஆண்டு குறுவட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளிடம் அந்த விதியைத் தானே வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.