புகைக்குழாயில் ஒரு நகைப்பெட்டி

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் மூச்சுத் திணறி நிற்கும் பழைய கார்களை நாம் கண்டிருக்கிறோம். புகையைச் சுத்திகரிக்கும் 'கட்டலிற்றிக் கொன்வேட்டர்' அடைபடுவதும் அதற்கொரு காரணமாகும். அதை மாற்றுவதற்கு இத்துணைச் செலவா என்று திகைப்போர் பலர்.

அதனுள்ளே இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான். அதன்மேல் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்களின் மெல்லிய பூச்சு. நச்சு வாயுவாகிய காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாக்குவது அப்பூச்சே. 2021 இல் ரோடியம் அவுன்சுக்கு 25,000 டொலரைக் கடந்தது. மறு ஆண்டில் நமது ரூபாவோ டொலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 360 வரை சரிந்தது. உலோக விலை பின்னர் இறங்கிற்று. ரூபா பழைய நிலைக்கு மீளவில்லை.

ஆதலால், பீங்கானை உடைத்தெறிந்து வெறுங்கூட்டைப் பூட்டிக்கொள்வோரும் உளர். வண்டி மலையேறும் என்பது மெய்தான். ஆயினும் புகைப் பரிசோதனையில் அகப்படும். பாதையோர லயன்களின் குழந்தைகளோ அந்நஞ்சைச் சுவாசிப்பர்.

பெரும்பாலும் இக்கருவி தானாகக் கெடுவதில்லை. பிளக் பழுதுற்றால், எரியாத பெற்றோல் அங்கு சென்று எரிந்து பீங்கானை உருக்கிவிடும். அற்ப விலைப் பிளக்கை முதலில் மாற்றாவிடின் புதிய கருவிக்கும் அதே கதிதான். பழையதைக் கராஜில் விட்டுவர வேண்டாம். அவ்வுலோகங்களுக்காகவே அதை விலைக்கு வாங்குவோர் உண்டு.