சிவப்பு விளக்கும் மரத்துப்போன காலும்

கழுத்துப் பிடிப்பு, இடுப்பு வலி என்று பிசியோதெரபிக்குப் போனவர்கள் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்திருப்பார்கள். அந்த இன்ஃப்ராரெட் லேம்ப்பை இப்போது பலர் ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை. அதன் சூடு தோலுக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அங்கே ரத்த ஓட்டம் கூடும், இறுகிய தசை தளரும், கொஞ்ச நேரம் வலி மட்டுப்படும். தேய்ந்த மூட்டை அது சரிசெய்யாது.

எனக்குக் கவலையெல்லாம் பல வருடமாகச் சர்க்கரை இருக்கிற பெரியவர்களைப் பற்றித்தான். பாதம் எரிகிறது, மதமதப்பாக இருக்கிறது என்று விளக்கைக் காலடியில் வைத்துக்கொள்கிறார்கள். நரம்பு பழுதான காலுக்குச் சூடு உறைக்காது. கொப்புளம் வந்த பிறகு, அதுவும் வேறு யாராவது பார்த்துச் சொன்னால்தான் தெரியும். அந்தப் புண் ஆறாமல் விரலையே எடுக்கும் நிலை வரலாம். அதனால் முதலில் அவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள டம்ளரையும் குளிர்ந்த டம்ளரையும் அந்த இடத்தில் மாற்றி மாற்றி வையுங்கள். எது சூடு, எது குளிர்ச்சி என்று சொல்லத் தடுமாறினால் அங்கே விளக்கு வேண்டவே வேண்டாம்.

புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடத்துக்கு முதல் 2, 3 நாள் சூடு கூடாது, வீக்கம் கூடும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். புற்றுநோய் உள்ள இடம், கர்ப்பிணியின் வயிறு, இவற்றிலும் தவிர்க்க வேண்டும்.

மற்றவர்கள், தைலம் பூசியிருந்தால் அதைத் துடைத்துவிட்டு, கையேட்டில் உள்ள தூரத்தில் விளக்கை வைத்து, 15 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்குகளில் வழக்கமாக ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளித்தான் வைப்பார்கள். விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம். தலைக்கு நேர் மேலே தொங்கவிடவும் வேண்டாம், பல்பு வெடித்தால் மேலேயே விழும். இதமான சூடு போதும். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, இங்க் எதையும் பூசாதீர்கள்.

சர்க்கரை நோயும் பக்கவாதமும் குணமாகும் என்று விளம்பரம் செய்து இதை விற்பவர்களும் உண்டு. அப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதிய அளவு தராமல் விற்ற பொருளால் காயம்பட்டால், தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. பில், கையேடு, பெட்டி, புண்ணின் படம், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், விளக்கை அனுப்புங்கள் என்று கடைக்காரர் கேட்டால், எல்லாப் பக்கமும் படம் எடுத்து, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு கொடுங்கள்.