விரலில் ஒட்டும் பொடி

உயிரின் தடங்கள் – 14

ஆரணியிலும் தேவிகாபுரம் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் தறி உள்ள வீட்டுக் குழந்தைக்கு, நடை வருவதற்கு முன்பே நாடா ஓடும் சத்தம் பழகிவிடுகிறது. பட்டு இழையை இரு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தே முறுக்கு சரியாக விழுந்திருக்கிறதா, கோந்து முழுக்கப் போயிருக்கிறதா என்று சொல்லிவிடும் பெரியவர்கள் அங்கே உண்டு. அரை நூற்றாண்டாகப் பட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கைகளில் பெரும்பாலானவை, பட்டுப்பூச்சியைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை.

காரணம் எளிது. நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. அங்கேயும் பூச்சி வெளியே வருவதற்குள் கூட்டைச் சூடேற்றி, உள்ளிருக்கும் கூட்டுப்புழுவைக் கொன்றுவிடுகிறார்கள். நல்ல ரகக் கூடு ஒன்றில் ஒரே இழை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். பூச்சி அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறினால் இழை அறுந்து துண்டு துண்டாகிவிடும். நெசவுக்குப் பட்டு வேண்டுமானால் பூச்சி பிறக்கக் கூடாது.

அது பிறக்க அனுமதிக்கப்படும் இடம் ஒன்று உண்டு: முட்டை உற்பத்தி செய்யும் வித்தகம். உடல் உறுப்புகளே பரிணாமத்துக்குச் சாட்சி சொல்லும் கதையைப் பேசும்போது எல்லோரும் திமிங்கிலத்தின் இடுப்பெலும்புக்கும் மனிதனின் வால் எலும்புக்கும் போய்விடுகிறார்கள். இந்தத் தொடரும் போன வாரம் ஜம்மு-காஷ்மீரின் காலாகோட் பாறைகளில் கிடைத்த, திமிங்கிலத்தின் தொல் உறவினமான இந்தோஹயஸின் காதெலும்பைத்தான் பேசியது. ஆனால் கல்யாணப் புடவைக்குப் பின்னால் நிற்கும் இந்தச் சின்னப் பூச்சியின் உடலில், அதற்குச் சற்றும் குறையாத ஒரு வரலாறு இருக்கிறது.

கூட்டிலிருந்து வெளிவரும் பட்டுப்பூச்சி, அதாவது பாம்பிக்ஸ் மோரி, வெளிறிய நிறம், பருத்த உடல், நான்கு இறக்கைகள் கொண்டது. இறக்கையில் நரம்புகள் உண்டு, உடலோடு சேரும் இடத்தில் மூட்டு உண்டு, அசைக்கத் தசையும் உண்டு. பறக்க மட்டும் முடியாது. உடலின் பருமனுக்கு இறக்கை சிறியது. தசைக்கு வலுப் போதாது. தட்டில் வைத்த பூச்சி தட்டிலேயே கிடக்கும். மூடி போட வேண்டியதில்லை.

சீனாவிலும் கொரியாவிலும் ஜப்பானிலும் காட்டு மல்பெரி மரங்களில் இதன் உறவினம் பாம்பிக்ஸ் மாண்டரினா இன்றும் வாழ்கிறது. பழுப்பு நிறம்; நன்றாகப் பறக்கும். இரண்டையும் இணை சேர்த்தால் குஞ்சு பொரிக்கும், அந்தக் குஞ்சுகளும் வளர்ந்து இனம் பெருக்கும். 2009இல் சீன ஆய்வாளர்கள் 29 வீட்டு ரகங்களையும் 11 காட்டுப் பூச்சிகளையும் மரபணுத் தொகுதி அளவில் ஒப்பிட்டார்கள். வீட்டு ரகங்கள் எல்லாமே ஒரே பழக்கப்படுத்தலில் கிளைத்தவை என்று அந்த ஒப்பீடு காட்டியது. ஏறக்குறைய 5,000 ஆண்டுகளாக மனிதன் பெரிய கூட்டையும் ஓடிப்போகாத பூச்சியையும் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்திருக்கிறான். காட்டிலே பறக்காத ஆண் துணை தேட முடியாமல் வாரிசின்றிச் செத்திருக்கும். தட்டிலே அதற்கும் வாரிசு உண்டு. டார்வின் 1868இல் வெளியிட்ட, வளர்ப்பு உயிரினங்களின் வேறுபாடுகளைப் பற்றிய பெரிய நூலில் பட்டுப்பூச்சிக்குத் தனியே இடம் ஒதுக்கியது இதற்காகத்தான். இலையின் அடிப்பாகத்தையே தின்று, தின்ற இலையோடு தானும் மரத்திலிருந்து விழுந்துவிடும் வளர்ப்புப் புழுக்களைப் பற்றியும் அவர் அதில் எழுதினார்.

ஆனால் இந்த இறக்கை போன்ற உறுப்பைப் 'பயனற்றது' என்று பாடப்புத்தகம் முத்திரை குத்துவதை ஏற்க முடியாது. பெண் பூச்சியின் வாசனை எட்டியதும் ஆண் அதே இறக்கைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு வட்டமிட்டு நடக்கும். எழும்புவதற்கான அடி அல்ல அது. முன்னாலிருந்து காற்றை இழுத்து, சீப்புப் போன்ற தன் உணர்கொம்புகளின் வழியே செலுத்துகிறது. அந்த வாசனைப் பொருளைப் பிரித்தெடுக்க ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனான்ட் ஏறக்குறைய 5 லட்சம் பெண் பூச்சிகளைப் பயன்படுத்தினார். 1959இல் 'பாம்பிகால்' என்று பெயரிட்டு அறிவித்தார். உலகில் முதன்முதலாக வேதியியல் அமைப்பு கண்டறியப்பட்ட ஃபெரோமோன் அதுதான். பறக்கும் திறன் போன பிறகும் இறக்கைக்கு முகரும் வேலை மிஞ்சியிருக்கிறது.

வாயின் கதை வேறு. வளர்ந்த பட்டுப்பூச்சி எதையும் உண்பதில்லை. புழுவாக இருந்தபோது தின்ற மல்பெரி இலையின் சேமிப்பில் சில நாள் வாழ்ந்து, சில நூறு முட்டைகள் இட்டு மடிகிறது. இதை மனிதன் செய்த மாற்றம் என்று நினைத்தால் தவறு. காட்டிலே பறக்கும் மாண்டரினாவும் உண்பதில்லை. தசர், முகா பட்டு தரும் பூச்சிகளுக்கும் வாய் ஓய்ந்துதான் கிடக்கிறது. ஆக, ஓர் உடலுக்குள்ளேயே இரண்டு வயதுடைய மாற்றங்கள் இருக்கின்றன: இறக்கை தளர்ந்தது மனிதனோடு சேர்ந்த பிறகு, வாய் ஓய்ந்தது மனிதன் என்ற இனமே இல்லாத காலத்தில்.

வண்ணத்துப்பூச்சியின் சுருள் உறிஞ்சுகுழல் இரண்டு சிறு பாகங்கள் ஒட்டி உருவானது. பட்டுப்பூச்சிகளின் நெருங்கிய சொந்தமான ஸ்பிங்ஸ் அந்துப்பூச்சிகளில் அது மிக நீளமாக வளரும். மடகாஸ்கரைச் சேர்ந்த ஓர் ஆர்க்கிட் பூவின் ஒரு சாண் தாண்டிய தேன்குழலைப் பார்த்து, அதே நீள நாக்குள்ள பூச்சி இருந்தாக வேண்டும் என்று டார்வின் 1862இல் எழுதினார். அந்தப் பூச்சிக்கு 1903இல் பெயர் சூட்டப்பட்டது. தசர் பூச்சியின் பேரினத்தைச் சேர்ந்த வேறு சில பூச்சிகளில் அதே இரண்டு பாகங்கள் குட்டையான முளைகளாக நிற்கின்றன. அவற்றை ஹார்வர்டில் ஃபோடிஸ் கஃபாடோஸும் கேரல் வில்லியம்ஸும் 1960களில் ஆராய்ந்தபோது, கூட்டின் கோந்தைக் கரைத்து வழி திறக்கும் நொதி அந்த முளைகளிலிருந்தே சுரப்பது தெரிந்தது. ஒரு கிளையில் தேன் குடிக்கும் நாக்கு, இன்னொரு கிளையில் கதவு திறக்கும் சாவி. முதலிலிருந்து திட்டமிட்டுப் படைப்பவர் யாரும் சாவியை நாக்கின் அச்சில் வார்க்க மாட்டார். பழைய பாகத்தை வைத்துத்தான் வேலை நடந்திருக்கிறது.

பட்டே அப்படி வந்ததுதான். மற்ற பூச்சிகளில் எச்சில் சுரப்பியாக இருப்பதே புழுவின் பட்டுச்சுரப்பி; அது கீழுதட்டில்தான் திறக்கிறது. கூடு கட்டப்போகும் நாளில் புழுவின் எடையில் கால் பங்குக்கு மேல் அந்தச் சுரப்பியே இருக்கும். ஓடைக் கற்களின் அடியில், மணலை ஒட்டிக் குழாய் வீடு கட்டி வாழும் காடிஸ் பூச்சியின் புழுக்களும் அதே உதட்டுச் சுரப்பியிலிருந்து பட்டு நூற்கின்றன, தண்ணீருக்குள்ளேயே. இரண்டின் பட்டிலும் ஃபைப்ராயின் என்ற அதே புரதக் குடும்பம். அந்துப்பூச்சிகளும் காடிஸ் பூச்சிகளும் பிரிவதற்கு முன்பே, இரண்டுக்கும் பொதுவான மூதாதை நூற்கக் கற்றிருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

சரி, கல்லில் என்ன இருக்கிறது?

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்கு, வக்ரகாளியம்மனைத் தரிசிக்கப் பௌர்ணமிதோறும் கூட்டம் போகிறது. அதே ஊரில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையாளர் சொனெரா 18ஆம் நூற்றாண்டிலேயே அவற்றைப் பற்றி எழுதிவிட்டார். கிளையோ வேரோ இலையோ இல்லாத அடிமரங்கள். வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை. சிலிக்கா கலந்த நீர் செல் செல்லாக ஊறி உறைந்ததால், மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் அது பூக்கும் மரமா, ஊசியிலை மரமா என்று இன்றும் சொல்லிவிடலாம். மரம் உறுதியானது, அதனால் தங்கியது. அந்துப்பூச்சியோ அழுந்தினால் நசுங்கும், நனைந்தால் சிதையும். அதன் புதைபடிவங்கள் உலகெங்குமே அரிது.

மிஞ்சுவது பொடி. பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டும் அந்தப் பொடி, உண்மையில் இறக்கையின் செதில்கள். கைட்டினால் ஆனவை, எளிதில் மட்காதவை. வட ஜெர்மனியில் துளையிட்டு எடுத்த, 20 கோடி ஆண்டுப் பழமையான பாறை மாதிரியைக் கரைத்தபோது, மகரந்தத் துகள்களோடு சுமார் 70 செதில்கள் கிடைத்தன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக மாணவர் டிமோ வான் எல்டைக், ஊசி முனையில் மூக்கு முடி ஒன்றைப் பொருத்தி அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். 2018இல் அவருடைய குழு வெளியிட்ட முடிவு பலரையும் திகைக்க வைத்தது. சில செதில்கள் உள்ளே பொள்ளலானவை. அப்படிப்பட்ட செதில் உறிஞ்சுகுழல் கொண்ட வகைக்கே உரியது. நமக்குக் கிடைத்துள்ள தெளிவான பூத்தாவரப் படிவங்கள் 13 கோடி ஆண்டு அளவில்தான் தொடங்குகின்றன. பூவுக்கு முன்பே குழல் வந்திருக்கிறது! ஊசியிலை மரம் போன்றவற்றின் விதைமுனையில் கசியும் இனிப்புத் துளியை அந்தப் பூச்சிகள் குடித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த வழியில் வந்த பாம்பிக்ஸ் மோரிக்கு இன்று குடிக்கும் வாய் இல்லை. பொள்ளல் செதில் மட்டும் மாறவில்லை. வித்தகத்தில் முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை அரைத்து, கண்ணாடித் துண்டில் தடவி, பெப்ரைன் நோய்க் கிருமி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் தேடுவார்கள். 1860களில் லூயி பாஸ்டர் காட்டித் தந்த முறை அது. கிருமியைத் தேடும் கண்ணுக்குக் குறுக்கே, அந்தத் துளியிலும் செதில்கள் மிதந்து போகும்.

(தொடரும்)