மடியில் வைத்தால் போதுமா?

சகோதரிகளே! கல்யாண வீட்டுக்குப் புறப்படும்போது பிள்ளையை மடியில் வைத்து முன் ஆசனத்தில் அமர்கிறீர்களா? சாரதியும் முன் ஆசனத்தில் இருப்பவரும் ஆசனப் பட்டி அணிவது நம் நாட்டில் 2011 முதல் கட்டாயம். ஆனால் உங்கள் பட்டி மடியிலுள்ள பிள்ளையைக் காக்காது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் எதிலாவது மோதி, ஒரு செக்கனின் பத்திலொரு பங்கில் நின்றால், 10 கிலோ பிள்ளை ஏறத்தாழ 140 கிலோ பாரமாக முன்னே பாயும். எந்தத் தாயின் கை அதைத் தாங்கும்? ஒரே பட்டிக்குள் இருவரும் இருந்தால் உங்கள் உடலே பிள்ளையை நசுக்கிவிடும்.

பின் ஆசனத்தில், வயதுக்கேற்ற குழந்தை ஆசனத்தில் பிள்ளையை அமர்த்திப் பட்டியைப் பூட்டுங்கள். கைக்குழந்தை பின்புறம் பார்த்திருக்கட்டும். மோதலின்போது அதன் மெல்லிய கழுத்தை ஆசனத்தின் முதுகு தாங்கிக்கொள்ளும். அழுதால் வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டுத் தூக்குங்கள்.