ஒரு லட்சம் கேட்ட ஸ்திரீபார்ட்

பவுன் முப்பது ரூபாய்க்குள் கிடைத்துக்கொண்டிருந்த காலம். கொடுமுடியில் வெள்ளைப் புடவையும் திருநீறுமாக ஒதுங்கியிருந்த ஒரு பெண்ணைத் தேடி சினிமாக்காரர்கள் வந்தார்கள். அவருக்கு வயது இருபத்தேழுக்குள். புருஷன் செத்து அதிக நாள் ஆகவில்லை. முடியாது என்று எத்தனை முறை சொல்லியும் வந்தவர்கள் விடுவதாக இல்லை. சரி, லட்ச ரூபாய் கொடுத்தால் நடிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்தத் தொகையைக் கேட்டதும் பேச்சு முறிந்துவிடும் என்ற நினைப்பில்தான் சொன்னார் என்பார்கள். ஆனால் தயாரிப்பாளர் அசன்தாஸ் ஒத்துக்கொண்டார்.

1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ அப்படி உருவான படம். நந்தனாராகவே நடித்தார் கே.பி. சுந்தராம்பாள். வேதியராக வந்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். படம் எடுபடவில்லை. எழுத்தாளர் கல்கி அதைக் கேலி செய்து எழுதியதை சினிமா சரித்திரம் எழுதுகிறவர்கள் இன்றுவரை விடாமல் எடுத்துக்காட்டுகிறார்கள். படம் எப்படிப் போனால் என்ன, தமிழில் பேசும்படம் வந்து நாலே வருஷத்தில் ஒரு நடிகை லட்ச ரூபாய் வாங்கிவிட்டார். அந்தப் பணம் முகத்துக்கோ உடுப்புக்கோ கொடுத்த பணம் அல்ல. நாடக மேடையில் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகப் பழுத்த ஒரு தொண்டைக்குக் கொடுத்த விலை.

இன்றைக்கு கே.பி.எஸ். என்றால் கையில் கோலோடு வரும் ஔவைக் கிழவிதான் கண்முன் வருகிறார். அந்தக் கிழவிக்குள் இருந்தவர் ஒரு ஸ்பெஷல் நாடக நடிகை. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வளவனூர், கோலியனூர், விழுப்புரம் பக்கத்து மக்களுக்குக் கூத்து என்றால் அது தெருக்கூத்து. திரௌபதியம்மன் திருவிழாவில் விடிய விடிய பாரதம் நடக்கும். அதில் பாஞ்சாலியாக வருகிறவர் வழிவழியாக ஆண்தான். ஸ்பெஷல் நாடகம் வேறு ரகம். கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், நாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து. ஆர்மோனியக்காரர், பபூன், மிருதங்கம் எல்லாரையும் ஏஜெண்டு தனித்தனியாகப் பேசிக் கூட்டிவருவார். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. சாயங்காலம் கொட்டகைக்கு வந்து அரிதாரம் பூசிக்கொண்டு ஏறினால் விடிகிறவரை ‘வள்ளி திருமணம்’ நடக்கும்.

ஒத்திகை இல்லாமல் எப்படி முடியும்? அதற்கு வழி செய்து வைத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். ‘வள்ளி திருமணம்’, ‘கோவலன்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘நல்லதங்காள்’ என்று அவர் எழுதிய நாடகங்கள் தமிழ்நாட்டு நடிகர் எல்லாருக்கும் மனப்பாடம். பாட்டும் பொது, வசனமும் பொது. அதனால் மதுரைக்காரரும் கரூர்க்காரரும் மேடையில்தான் முதல்முறை முகம் பார்த்தாலும் நாடகம் ஓடிவிடும். சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. வளவனூரிலிருந்து கிழக்கே போகிற புதுவை பஸ்ஸில் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நாடகக்காரர்கள் குருபூசைக்கு அங்கே இன்றும் கூடுகிறார்கள்.

எழுதிவைத்த பாட்டு முடிகிற இடத்தில்தான் இந்த நாடகத்தின் சூடு ஆரம்பமாகும். தினைப்புனத்தில் பரண்மேல் வள்ளி. கீழே நாரதரோ வேடனோ வந்து நின்று கேள்வி கேட்பார். வள்ளி பாட்டாலேயே மடக்க வேண்டும். இதற்குத் தர்க்கம் என்று பெயர். எதிராளி எந்த ராகத்தில் எடுத்தாலும் அதைவிட ஒரு படி மேலே போய் நிற்க வேண்டும். மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கு வார்த்தை வார்த்தையாகப் போய்ச் சேரவில்லையென்றால் அங்கிருந்தே சீட்டி அடித்துவிடுவான். தொண்டை கட்டிக்கொண்ட ஸ்திரீபார்ட்டுக்கு அடுத்த ஊரில் அழைப்பு வராது.

சுந்தராம்பாள் 1908-இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர். அம்மா பாலாம்பாள். வீட்டில் வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமியின் குரல் எஃப்.ஜி. நடேச ஐயர் காதில் விழுந்தது என்று சொல்வார்கள். அவர் தென்னிந்திய ரயில்வே அதிகாரி. நாடகப் பித்தர், தாமே மேடையேறியவர், திருச்சி ரசிக ரஞ்சன சபையைத் தோற்றுவித்தவர். அவர் மூலமாக வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்த சுந்தராம்பாளுக்கு ஆரம்பத்தில் பாலபார்ட், அதாவது சிறுவர் வேஷம். ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையாக வந்தார். பசியை நடித்துக்காட்டும்படி அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தந்திருக்க வேண்டியதில்லை.

அப்போது தமிழ் நாடகக்காரர்களின் பெரிய சந்தை இலங்கை. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் விட்டபிறகு, எழும்பூரில் போட் மெயில் ஏறினால் விழுப்புரம் தாண்டி, தனுஷ்கோடி தாண்டி, கொழும்பு வரை ஒரே டிக்கெட்டில் போய்விடலாம். பாடகர்களும் பபூன்களும் திரைச்சீலை மூட்டைகளும் அந்த வழியாகத்தான் போய்வந்தன. கொழும்பு மேடைகளில் சுந்தராம்பாள் வெகு சீக்கிரம் பெயர் எடுத்தார். ‘கோவலன்’ போட்டாலும் ‘வள்ளி திருமணம்’ போட்டாலும் கொட்டகை நிரம்பியது.

அங்கேதான் செங்கோட்டை கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். கிட்டப்பா கண்ணையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ நாடகத்தில் பரதனாகப் பாடி ஊரை மயக்கியவர். ஐந்து கட்டை சுருதியில் அலட்சியமாக நின்று பாடுவார். அந்தப் பெண்ணோடு மேடையேறினால் உன் பாட்டு எடுபடாது என்று அவரிடமே சிலர் பயமுறுத்தினார்களாம். ரசிகர்களுக்கும் அந்தப் போட்டிதான் வேண்டியிருந்தது. கிட்டப்பா வேலன், சுந்தராம்பாள் வள்ளி என்று நோட்டீஸ் ஒட்டினால் போதும்.

1927-இல் மாயவரத்தில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். சாதியும் குறுக்கே நின்றது. பிறந்த குழந்தை சில நாளில் போயிற்று. பிணக்கு, பிரிவு, கடிதங்கள், மறுபடி மேடையில் மட்டும் சேர்தல் என்று ஆறு வருஷம் இழுத்தது. குடியும் நோயும் கிட்டப்பாவை உருக்கின. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி இறந்தபோது அவருக்கு வயது 27. இந்தக் காதலைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு சுந்தராம்பாளின் பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பது என் மனக்குறை.

அதன்பிறகு நகை இல்லை, வண்ணப் புடவை இல்லை. எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அந்த முடிவோடு மேடையை விட்டே போயிருந்தால் அக்கால வழக்கப்படி யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் மேடையை ஒரேயடியாக விடவில்லை, வேஷத்தை மாற்றிக்கொண்டார். ராஜபார்ட்டைத் தாமே கட்டினார். ஸ்திரீபார்ட்டுக்கு இன்னொரு பெண்ணை வைத்துக்கொண்டார். நந்தனாராக வந்ததும் அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான்.

அந்தத் தலைமுறையில் வேஷம் மாறுவது எல்லாப் பக்கமும் நடந்தது. விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன் பாய்ஸ் கம்பெனியில் சீதையாக வேஷம் கட்டித்தான் தொழில் கற்றார். பின்னாளில் ‘திருவிளையாடல்’ எடுத்த ஏ.பி. நாகராஜனும் டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில் பெண் வேஷம் போட்டவர். பையனாகத் தொடங்கிய சுந்தராம்பாளும், பெண்ணாகத் தொடங்கிய இந்த இருவரும் 1965-இல் அந்தப் படத்தில் சேர்ந்தார்கள்.

கிராமபோன் தட்டுகள் சுந்தராம்பாளின் குரலைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோயின. முருகன் பாட்டோடு தேசியப் பாட்டும் தட்டில் ஏறிற்று. சத்தியமூர்த்தி அவரைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்துவந்தார். பேச்சாளர் வருவதற்குள் கூட்டத்தைக் கட்டிப்போட கே.பி.எஸ். பாட்டு போதும். காந்தி கொடுமுடி வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் சாப்பாடு போட்டாராம். தட்டும் எனக்குத்தானே என்று காந்தி கேட்க, கொடுத்துவிட்டாராம். ஊரில் சொல்லப்படும் கதை இது. 1951-இல் சென்னை மாகாண மேலவை உறுப்பினர் ஆனார். சினிமாவிலிருந்து சட்டசபைப் படி ஏறிய முதல் ஆள் என்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். பின்னால் வந்த முதலமைச்சர்களின் வரிசையை நினைத்தால் இது சின்ன விஷயம் அல்ல.

இனி அந்தக் குரல் ரேடியோவுக்குப் போன கதைக்கு வருவோம். 1924 ஜனவரியில் லண்டன் பிபிசி ஒரு நாடகம் ஒலிபரப்பியது. ரிச்சர்ட் ஹியூஸ் எழுதியது. நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு அணைந்து மாட்டிக்கொண்டவர்களின் கதை. இருட்டில் நடப்பதால் கேட்கிறவரும் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அங்கே மேடை நடிகைகள் பலர் இந்தப் புதிய தொழிலுக்குக் குரலைத் தணித்துப் பேசப் பழகினார்கள். மைக் காதுக்கருகில் இருக்கும்போது கடைசி வரிசைக்குக் கூவ வேண்டியதில்லை அல்லவா? சென்னையில் ஆல் இந்தியா ரேடியோ நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் அடுத்த ஆண்டு மே மாதமும் தொடங்கின. தமிழ் ரேடியோ நாடகத்துக்கென்று தணிந்த குரல் நடிகைகள் இங்கும் உருவானார்கள். கே.பி.எஸ். அந்த வழிக்குப் போனவர் அல்ல. அவர் குரலை ரேடியோ அப்படியே எடுத்துக்கொண்டது.

எப்படி என்றால், படம் வழியாக. 1953-இல் ஜெமினி வாசன் எடுத்த ‘ஔவையார்’ நெடுகப் பாட்டு. இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. பஞ்சாயத்து ரேடியோ இருந்த ஊர்களிலெல்லாம் சாயங்காலம் அந்தப் பாட்டுகள் வரும். ஞாயிறு மத்தியானம் ரேடியோவில் ஒலிச்சித்திரம் என்று ஒன்று அப்போது இருந்தது. ஒரு சினிமாவின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கி, படமே இல்லாமல் காதுக்குக் கொடுப்பார்கள். இதில் நிறைய நடிகர்கள் காணாமல் போய்விடுவார்கள். புருவத்தைத் தூக்குவதும் கண்ணை உருட்டுவதும் ரேடியோவில் என்ன செய்யும்? கே.பி.எஸ். மட்டும் ஒரு இம்மிகூடக் குறையமாட்டார். ‘திருவிளையாடல்’ வசனத் தட்டு கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் புனல் ஸ்பீக்கரில் முழங்கியபோது, பழனி மலைக்குக் கோபித்துக்கொண்டு போன முருகனைச் சமாதானப்படுத்தும் ஔவை வயல்காட்டைத் தாண்டி அடுத்த ஊருக்கும் கேட்டார்.

அவருக்கு இஷ்டமில்லாததை அவர் வாயிலிருந்து வாங்க முடியாது. 1964-இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தி அடிகள் வேஷம். வசனம் கருணாநிதி. தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்பதுபோல் பாட்டில் ஓர் இடம் இருந்தது. முருக பக்தையான கே.பி.எஸ். அதைப் பாட மறுத்தார். பகுத்தறிவு பேசும் கருணாநிதி, தெய்வம் வந்துவிட்டது என்று பொருள் மாறும்படி திருத்திக் கொடுத்த பிறகுதான் பாடினார். இந்த விஷயத்தில் இரண்டு பேருமே நாடகக்காரர்கள். யார் எங்கே இறங்கிவர வேண்டும் என்று தெரிந்தவர்கள்.

‘துணைவன்’ பாட்டுக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு வந்தது. அறுபது வயதைத் தாண்டியும் சுருதி இறங்கவில்லை. 1970-இல் பத்மஸ்ரீ. 1980-இல் காலமானார்.

கிட்டப்பாவும் அவரும் சேர்ந்து ஆடிய ‘வள்ளி திருமணம்’ எந்தப் படச்சுருளிலும் இல்லை. மேடையில் அவர் எப்படி இருந்தார் என்று அறிய விரும்புகிறவர்கள் 1967-இல் வந்த ‘கந்தன் கருணை’ படத்தைப் போட்டுப் பார்க்கலாம். அரியது எது, பெரியது எது என்று முருகன் கேட்கக் கேட்க ஔவை பாட்டாலேயே பதில் சொல்லும் காட்சி அது. கேள்வி முடியுமுன்னே சுருதியைப் பிடித்துக்கொள்வதையும், பதிலின் கடைசி வார்த்தையை மேலே தூக்கி நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்குத் தயாராக முகத்தை உயர்த்துவதையும் கவனிக்கலாம். காமிரா கிட்டத்தில் இருப்பதை அவர் சட்டை செய்வதே இல்லை. பரணுக்குக் கீழே நிற்கும் ராஜபார்ட்டுக்கு ஸ்திரீபார்ட் பதில் சொல்லும் அதே தர்க்கம்தான், வேஷம் மட்டும் கிழவி.